மேஸ்திரியின் பழைய கீறல்கள்

சாமான் புதிதாக இருந்தால் அவளுக்குச் சந்தேகம் அதிகம். பழைய சாமானில் கீறல் கண்ணுக்கு நேரே தெரிந்துவிடும், புதியதுதான் ஒளித்துவைக்கும். வீடு மாற்றித் தருகிற தொழிலில் பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டிய பிறகு வந்த ஞானம் இது. லாரி வந்து நின்று, ஆட்கள் நாலு பேரும் போர்வையும் கயிறும் இறக்கிக்கொண்டிருக்கும்போதே இவள் அட்டையும் பேனாவுமாக உள்ளே போய்விடுவாள். குனிவாள், கதவைத் திறப்பாள், பின்பக்கம் விரலை விட்டுத் தடவுவாள், எழுதுவாள். "சாப்பாட்டு மேஜை: இடது முன்காலில் கட்டைவிரல் அகலம் பெயர்ந்திருக்கிறது." "கண்ணாடி அலமாரி: கீழ்த்தட்டில் பழைய கீறல் மூன்று." ஓர் அறையை எழுதி முடித்து வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் அந்த அறையிலிருந்து ஒரு தலையணையாவது வாசலைத் தாண்டும். பிறகு அடுத்த அறை.

வீட்டுக்காரர்களுக்கு இது பிடிக்குமா? எங்கே பிடிக்கும்!

"என்னம்மா இது, போன மாசம்தான் வாங்கினோம். இதுல என்ன கீறல்?"

"இருக்குங்க. டார்ச் அடிக்கிறேன், இப்படிக் குனிஞ்சு பாருங்க."

குனிந்து பார்ப்பார்கள், இருக்கும். அப்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! பெற்ற பிள்ளையைக் குறை சொல்லிவிட்ட மாதிரி ஆகிவிடும். அதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை அவள். இறக்கிய பிறகு "நீங்கதான் உடைச்சீங்க" என்று வருகிறவர்களை அந்தத் தாள் எத்தனையோ தடவை வாயடைக்க வைத்திருக்கிறது. ஆட்கள் அவளுக்கு லிஸ்ட்டக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளுடைய நிஜப் பெயரைக் கேட்டால் நாலு பேரில் மூன்று பேர் திருதிருவென்று முழிப்பார்கள்.

அந்த நாலு பேருக்கும் மேலே மேஸ்திரி ஒருவர் உண்டு. அவர்தான் லிஸ்ட்டக்காவின் புருஷன். கனமான சாமானைப் படியில் இறக்கும்போது கீழ்ப்பக்கம் நிற்கிறவன் மேல்தான் பாரம் முழுக்க வரும். மேல்பக்கம் பிடிக்கிறவன் கை நழுவினால் கீழே இருப்பவன் கதை முடிந்தது. முப்பது வருஷமாகக் கீழ்ப்பக்கம் அவருடைய இடம். வேறு யாரையும் அங்கே நிற்க விட்டதில்லை. "கீழ நிக்கிறவன்தான்டா மேஸ்திரி, மேல நிக்கிறவன் கூலி" என்பார். ஐம்பத்திரண்டு வயதிலும் அந்த வீறாப்பு குறையவில்லை.

மருத்துவக் காப்பீடு எடுக்க வைத்தது மேஸ்திரியின் தங்கை புருஷன். இன்சூரன்ஸ் ஏஜென்ட். நல்ல மனுஷன்தான், கெட்ட எண்ணம் எள்ளளவும் கிடையாது. ஆனால் மாதக் கடைசி வந்துவிட்டால் சொந்தம் பந்தம் எல்லாம் அவன் கண்ணுக்குப் படிவமாகத்தான் தெரியும். அப்படி ஒரு மாதக் கடைசியில், இரண்டு வருஷம் இரண்டு மாதத்துக்கு முன்னால், படிவத்தைக் கொண்டுவந்து லிஸ்ட்டக்கா முன் விரித்தான்.

"எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு டிக் போட்டுக்கிட்டே வா தங்கச்சி. இதோ ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்."

டிக் போட்டுக்கொண்டே வந்தாள். புகை, இல்லை. மது, இல்லை. அடுத்த கேள்வியில் பேனா நின்றுவிட்டது. 'ஏற்கெனவே உள்ள நோய், காயம், உடற்குறை ஏதேனும் உண்டா? விவரம் தருக.' அவளிடம் போய் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கலாமா! ஏற்கெனவே உள்ளதை எழுதுவதுதானே அவள் பிழைப்பு. அவர்கள் விட்டிருந்த நாலு வரி எந்த மூலைக்கு? தொழிலுக்கு வைத்திருந்த தாளில் இரண்டைக் கிழித்து, மேஸ்திரி என்கிற சாமானைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாக எழுதினாள்.

போன் பேசிவிட்டு வந்த மச்சான் தாள்களைத் தூக்கிப் பார்த்தான். "இது என்ன கூத்து, ரெண்டு பக்கம்?"

"கேட்டிருக்காங்களே அண்ணே."

"கேட்டா? உனக்கு லிஸ்ட் போடலைன்னா சோறு இறங்காதே!" என்று சிரித்து, படிவத்தோடு சேர்த்துக் குத்தி, அன்றைக்கே அனுப்பிவிட்டான். அவன் படிக்கவில்லை. மேஸ்திரியிடம் கையெழுத்துப் போடு என்றார்கள், போட்டார், அவரும் படிக்கவில்லை. பதினைந்து நாளில் பாலிசிப் புத்தகம் தடியாக வந்து சேர்ந்தது. கையெழுத்தில்லாமல் தலையணையை நகர்த்த விடாத லிஸ்ட்டக்கா, உறையைக்கூடக் கிழிக்காமல் அதை மேஜை இழுப்பறையில் போட்டாள். மகளும் வெளியூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள், இனி நமக்கு ஏதாவது என்றால் இது பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நிம்மதி. அவ்வளவுதான், மறந்துவிட்டாள்.

மேஸ்திரியின் வலது அடிவயிற்றுக்குக் கீழே ஒரு புடைப்பு. இருமினால் வரும், படுத்தால் போய்விடும். இந்த வருஷம் அது படுத்தாலும் போகாமல் அடம் பிடிக்க ஆரம்பித்தது. கையைப் பிடித்து இழுக்காத குறையாக மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் அமுக்கிப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், குடலிறக்கம் என்றார்.

"ஆபரேஷன் பண்ணிடணும். இன்னைக்கே ஓடி வரணும்னு இல்ல, ஆனா தள்ளிப் போடவும் வேண்டாம். அதுவரைக்கும் பாரம் தூக்கவே கூடாது. குடல் வெளிய வந்து சிக்கிக்கிச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

"இன்சூரன்ஸ் இருக்கு டாக்டர்" என்றாள் லிஸ்ட்டக்கா, பெருமையாக.

கீழ்த்தளத்தில் இன்சூரன்ஸ் மேஜையில் இருந்த பெண் மேஸ்திரியின் போன் எண்ணைத் தட்டிப் பாலிசியைத் தேடினாள், கம்பெனியிடம் கேட்டாள், காத்திருந்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள். குரல் தணிந்திருந்தது.

"வரலைங்க. மூணு வருஷம் ஆகணுமாம். இன்னும் பத்து மாசம் இருக்கு."

"குடலிறக்கத்துக்கு ரெண்டு வருஷம்தானே? மச்சான் அப்படித்தான் சொன்னாரு" என்றார் மேஸ்திரி.

"பொதுவா ரெண்டுதாங்க. ஆனா நீங்க சேரும்போதே இது இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. முன்னாடியே இருந்த நோய்னு ஆயிடுச்சு. அதுக்கு மூணு."

"எழுதாம இருந்திருந்தா?"

அந்தப் பெண் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "எழுதாம இருந்திருந்தா இன்னைக்கு வந்திருக்கலாம். ஆனா பழைய மருந்துச் சீட்டு ஒண்ணு அவங்க கையில கிடைச்சாலும் மறைச்சுட்டீங்கன்னு பாலிசியையே ரத்து பண்ணிடுவாங்க. எதுக்குமே வராது."

பின்பாதி மேஸ்திரி காதில் ஏறவே இல்லை. திட்டியிருந்தாலாவது தேவலை என்று இருந்தது லிஸ்ட்டக்காவுக்கு. தன் கையாலேயே எழுதிக் கெடுத்துவிட்டோமே என்று குமைந்தாள். சொந்தமாக ஒரு வேன் வாங்க மூன்று வருஷமாகச் சேர்த்த பணம் இருந்தது. ஆபரேஷனுக்குச் சொன்ன தொகை அதைச் சுத்தமாக வழித்துக்கொண்டு போய்விடும். மேஸ்திரி அதைப் பற்றிப் பேசவே விடவில்லை. "பத்து மாசம்தானே. டாக்டரே அவசரம் இல்லைன்னு சொல்லிட்டாரு. பொறுத்துக்குவோம்." டாக்டர் சொன்னதில் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதில் மேஸ்திரியை மிஞ்ச ஆள் கிடையாது. இவளும் சரி என்று தலையாட்டினாள். தப்புப் பண்ணியவளுக்கு எதிர்த்துப் பேச வாய் வருமா?

அன்று சாயங்காலமே பாலிசிப் புத்தகத்தின் உறையைக் கிழித்தாள். படித்தாள் என்று சொன்னால் போதாது, ஒரு வீட்டைக் காலி செய்கிற மாதிரி அறை அறையாகப் புகுந்தாள். பச்சை மையில் 'உண்டு', சிவப்பில் 'இல்லை'. அறை வாடகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டிய அறையில் போய்ப் படுத்தால் வாடகையில் மட்டுமா வெட்டு, டாக்டர் கட்டணத்திலிருந்து எல்லாவற்றிலும் அதே கணக்கில் வெட்டிவிடுவார்கள். படுபாவிகள், இதை முப்பத்தோராம் பக்கத்தில் போட்டிருந்தார்கள்! கையுறை, பஞ்சு, முகமூடி, இல்லை. பல், இல்லை, விபத்தில் உடைந்தால் மட்டும் உண்டு. மருத்துவமனையில் சேருவதற்கு முன் முப்பது நாள் செலவும் வந்தபின் அறுபது நாள் செலவும், உண்டு. இது அவளுக்கே ஆச்சரியம். வருஷத்துக்கு ஒரு தடவை இலவசப் பரிசோதனை உண்டு. இரண்டு வருஷமாக அது சும்மா போயிருக்கிறது.

விஷயம் ஆட்களிடம் பரவியது. தங்கள் பாலிசிகளையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். சாமான் கட்டுகிற இடைவேளையில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து அவள் படித்துச் சொல்ல, சுற்றி நின்று கேட்டார்கள். "அக்கா, எனக்கு முடி கொட்டுதே, அதுக்கு உண்டா?" என்றான் லாரி ஓட்டுகிறவன்.

"அழகுக்குப் பண்றதுக்கெல்லாம் கிடையாதாம். உனக்கு முடி இருந்தாலும் அழகு வரப்போறதில்ல, விடு."

ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னாள். தன் புருஷன் விஷயத்தில் மட்டும் அவள் செய்தது ஒன்றே ஒன்று. நாட்காட்டியில் பத்து மாதம் தள்ளி ஒரு தேதியைச் சிவப்பில் வட்டம் போட்டு, அதுவரைக்கும் அவரைத் தும்மக்கூட விடக்கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். அவர் காதில் போட்டுக்கொண்டால்தானே! இவள் உள்ளே கீறல் பார்க்கும் நேரத்தில் அங்கே படியில் கீழ்ப்பக்கம் போய் நின்றுவிடுவார். "மேஸ்திரி, நீங்க விடுங்க" என்று ஆட்கள் சொன்னால் ஒரே முறைப்பு. வீட்டில் கேட்டால், "நான் தூக்கல, சும்மா கை வெச்சேன்." முப்பது வருஷத் திமிரை ஒரு சிவப்பு வட்டம் என்ன செய்யும்?

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மச்சான் வந்தான். குற்ற உணர்ச்சி அவனையும் அரித்திருக்கிறது போல. அலுவலகத்திலிருந்து பழைய படிவத்தின் நகலும், தானே தட்டச்சு செய்த ஒரு கடிதமும் கொண்டுவந்திருந்தான்.

"மச்சான், இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. மேல பேசிப் பார்க்கிறேன். வந்தா வரட்டும்."

மேஸ்திரி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். 'இணைப்பில் கண்ட விவரங்கள் யாவும் என் மனைவி அறியாமையால் தவறாக எழுதியவை. எனக்கு அப்போது எந்த உடற்குறையும் இல்லை.'

லிஸ்ட்டக்கா சுவரோரம் நின்றிருந்தாள். எழுதியது பொய் என்று ஒரு வீட்டிலும் அவள் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. ஆனாலும் அவர் கையெழுத்துப் போடட்டும் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தாள். அவமானம் போகட்டும், ஆள் பிழைத்தால் போதும்.

"எந்த விவரம்?" என்றார் மேஸ்திரி.

"அதான், அந்த ரெண்டு பக்கம்."

நகலை எடுத்தார். இரண்டு வருஷம் நாலு மாதம் கழித்து, தான் கையெழுத்துப் போட்ட தாளை முதல் தடவையாகப் படித்தார்.

'வலது முழங்கால்: படி ஏறும்போது சத்தம் வரும். இறங்கும்போது யாரும் பார்க்காவிட்டால் சுவரைப் பிடித்துக்கொள்வார்.'

'இடது தோள்: கை பின்னால் போகாது. சட்டை போடும்போது பல்லைக் கடிப்பார்.'

'இடுப்பு: காலையில் எழுந்ததும் நேராக நிற்க முடியாது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்று சரி பண்ணிக்கொண்டுதான் வெளியே வருவார்.'

'வலது அடிவயிறு: இருமினால் எலுமிச்சம்பழம் அளவு புடைப்பு. வலியில்லை என்கிறார். நம்பவில்லை.'

'தூக்கம்: மகள் வெளியூர் போவது என்று முடிவானதிலிருந்து சரியில்லை. கேட்டால் கொசு என்பார். வீட்டில் கொசு இல்லை.'

பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் இருந்தது. படிக்கப் படிக்க அவர் முகம் என்னவோ மாதிரி ஆனது. மச்சான் பேனாவை நீட்டினான், அவர் வாங்கவில்லை. தாளை மடியில் வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டுத்தானே நின்னேன்? உனக்கு எப்படித் தெரியும்?"

"தண்ணிச் சத்தம் கேக்காதே" என்றாள் அவள்.

அழுகிற ஆள் இல்லை அவர், அன்றைக்கு அழுதார். கண்ணாடியைக் கழற்றாமலே அழுதார். மச்சான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"இதையெல்லாம் இவ அறியாம எழுதிட்டான்னு நான் கையெழுத்துப் போடணுமா மச்சான்? எடுத்துட்டுப் போ இதை." கடிதத்தை மடித்து அவன் சட்டைப் பையிலேயே செருகிவிட்டார். பிறகு அவளிடம், "இதுல ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார்.

"என்னது?"

"நீ திட்டக்கூடாது."

"சொல்லுங்க."

"வியாழக்கிழமை, அந்த மூணாவது மாடி வீட்ல, பிரிட்ஜ் இறக்கும்போது... வெளிய வந்துடுச்சு. உள்ள போகல. அரை மணி நேரம் லாரிக்குள்ள போர்வை மேல படுத்துக்கிடந்தேன். வாந்தி வந்துச்சு. அமுக்கி அமுக்கி அப்புறம்தான் போச்சு. நீ மேல சமையலறைச் சாமானுக்கு லிஸ்ட் எழுதிட்டு இருந்த. ஆளுங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

அரை மணி நேரம்! மூன்று மாடி கீழே அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார், இவள் மேலே தட்டுகளில் விரிசல் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். "அடப்பாவி மனுஷா! எனக்குச் சொல்றதுக்கு என்ன? செத்துப் போயிருந்தா யாருங்க எனக்கு?" என்று கத்தியேவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் குரல் அந்த அளவுக்கு ஏறி அவர் கேட்டதில்லை.

"பத்து மாசம் பொறுக்கணும்னு சொன்னாங்களே. ரெண்டு போயிடுச்சு. இன்னும் எட்டுதானே, ஓட்டிடலாம்னு..."

"யாரு சொன்னா?"

"இன்சூரன்ஸ்காரங்கதான்."

அவள் இழுப்பறையைத் திறந்து பாலிசிப் புத்தகத்தை எடுத்தாள். தேட வேண்டியிருக்கவில்லை, பக்கம் அத்துப்படி. 'காத்திருப்புக் காலம்' என்ற தலைப்புக்குக் கீழே ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினாள். இந்த நோய்க்கான செலவை இத்தனை மாதம் முடியும்வரை நிறுவனம் ஏற்காது. அவ்வளவுதான் இருந்தது. இன்னொரு தடவை ஓட்டினாள். நோயாளி பொறுத்திருக்க வேண்டும் என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, எங்கேயும் இல்லை. ஐம்பது பக்கத்துக்குப் பச்சையும் சிவப்பும் போட்டவளுக்கு இது மட்டும் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. தன் மேல் இருந்த கோபத்தில் அந்தத் தேதியை ஏதோ கோர்ட் உத்தரவு மாதிரி நாட்காட்டியில் ஏற்றி, மனுஷனை அதற்குக் கட்டிப்போட்டிருக்கிறாள். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அடித்துக்கொள்ள நேரமில்லை.

"அண்ணே, வண்டி கீழதானே நிக்குது?"

"நிக்குது தங்கச்சி. எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு." அதற்குள் அவள் பையில் துண்டும் ஸ்கேன் உறையும் போட ஆரம்பித்திருந்தாள்.

மேஸ்திரி எழுந்திருக்கவில்லை. "வேனுக்குன்னு வெச்ச பணம்மா அது. இப்போ போனா ஒரு பைசா வராதே."

"வராது. படிச்சுட்டேன், வராதுன்னு தெரியும்." பையின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டு அவர் எதிரில் வந்து நின்றாள். "எட்டு மாசம் காத்திருக்கப் போறது அவங்க பணம். நீங்க எதுக்குங்க காத்திருக்கணும்? எழுந்திருங்க."

அவர் எழுந்தார்.